சந்தேகத்தின் பலன் யாருக்கு?

சட்டம் இயற்றுபவர் ஒருவர். அதனைப் படித்துப் பொருள் கூறுபவர் மற்றொருவர். இயற்றியவர் கருதியது ஒன்றாகவும், ஏட்டில் எழுதப்பட்ட சொல் வேறொன்றாகவும் அமைந்துவிடுமாயின், தீர்ப்பளிக்க அமர்ந்திருக்கும் நீதிபதி எதற்குக் கட்டுப்பட்டவர்? சொல்லுக்கா, கருத்துக்கா? சொல்லைப் பற்றினால் கருத்து சாகிறது. கருத்தைப் பற்றினால், சொல்லில் இல்லாததை நீதிபதி தம் கைச்சரக்காகச் சேர்த்துவிட்டார் என்ற பழி எழுகிறது. இது வக்கீல்கள் மட்டும் வாதாடித் தீர்த்துக்கொள்ளும் காரியம் அன்று. ஒரு சொல்லுக்கு இப்படியும் அப்படியும் பொருள் கொள்ளலாம் என்றிருக்கும்போது, அந்தச் சந்தேகத்தின் சுமையை யார் தலையில் வைப்பது என்பது அறத்தைச் சேர்ந்த கேள்வியாகும்.

இதனை ஆராய இங்கிலாந்துச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலேயர் 1947-இல் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார்களேயன்றிச் சட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போகவில்லை. முன்பிருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை நிலவும் என்று நமது அரசியலமைப்பின் 372-ஆவது பிரிவு கூறுகிறது. 1584-ஆம் ஆண்டில் ஆங்கில நீதிபதிகள் வகுத்த ஒரு விதியை நமது உச்சநீதிமன்றம் 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி கம்பெனி வழக்கில் எடுத்தாண்டிருக்கிறது. ஆகவே அந்நியர் வீட்டுக் கதை என்று இதனை ஒதுக்குவதற்கில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தின் ஊற்று ஒன்றன்று. முதலாவது ஊற்று, நீதிபதிகளின் தீர்ப்புகளே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னனின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று வழக்குத் தீர்த்தார்கள். அவர்கள் தீர்ப்புகள் ஒன்றையொன்று தழுவி, நாடு முழுவதற்கும் பொதுவான வழக்காக வளர்ந்தன. அதனால் அதற்குப் பொதுச்சட்டம் என்று பெயர். மேல்மன்றம் ஒருமுறை கூறியதைக் கீழ்மன்றம் மீற முடியாது. இன்றைக்கும் இங்கிலாந்தில் கொலை இன்னதென்று வரையறுக்கும் சட்டம் எதனையும் பாராளுமன்றம் இயற்றவில்லை. அது நீதிபதிகளின் வாய்மொழியாகவே வந்த குற்றம். ஊர் வழக்கமும் ஓர் ஊற்றுத்தான். ஆனால் அது நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரவேண்டும். அந்த நினைவுக்கெட்டாத காலத்திற்கும் ஆங்கிலேயர் தேதி வைத்திருக்கிறார்கள்: 1189-ஆம் ஆண்டு! பொதுச்சட்டம் இறுகிப்போன இடங்களில் மன்னனின் சான்ஸலர் மனச்சாட்சியை முன்வைத்து நியாயம் வழங்கினார். அதற்கு ஈக்விட்டி என்று பெயர். 1873, 1875-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இரண்டும் ஒரே மன்றங்களில் வழங்கலாயின. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாராளுமன்றம் இயற்றும் சட்டம் நிற்கிறது. 1973 முதல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் சட்டமும் சேர்ந்திருந்தது. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் அதிலிருந்து விலகியது.

நீதிபதிகள் தாம் சட்டம் செய்வதில்லை, இருப்பதைக் கண்டெடுத்துச் சொல்லுகிறோம் என்பது அந்நாட்டில் நெடுநாள் வழங்கிய பேச்சு. தொழிலாளியின் பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு அப்பேச்சு நகைப்பையே தரும். 1837-இல் கசாப்புக் கடைப் பையன் ஒருவன், மற்றொரு வேலையாள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை முறிந்தான். முதலாளிமீது வழக்கிட்டான். இதற்கு இடம் கொடுத்தால் வழக்குகள் எல்லையின்றிப் பெருகும் என்று அஞ்சி, அபிங்கர் பிரபு அவனைத் தள்ளிவிட்டார். உடன் உழைப்பவனின் கவனக்குறைவால் நேர்ந்த காயத்திற்கு முதலாளி பொறுப்பல்லர் என்ற கொள்கை அங்கே முளைத்தது. எந்தப் பாராளுமன்றமும் அதனை விதைக்கவில்லை. ஆனால் அதனை வேரோடு பிடுங்கப் பாராளுமன்றம் 1948-இல் ஒரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று. இடையில் கழிந்தவை நூற்றுப்பதினொரு ஆண்டுகள்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை முறிக்கும்படி அவரைத் தூண்டுவது குற்றம் என்ற விதி, 1853-இல் இலண்டனில் ஓர் இசைநாடகப் பாடகியை முன்னிட்டு இரு நாடகக் கொட்டகைக்காரர்களுக்குள் மூண்ட வழக்கில் நிலைபெற்றது. அதே விதி கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1920-ஆம் ஆண்டுக் கதவடைப்பைத் தொடர்ந்து, பக்கிங்காம் மில் கம்பெனியின் வழக்கில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும் அதன் தலைவர் வாடியாவையும் தடையுத்தரவால் கட்டிப்போட்டது. இங்கிலாந்துத் தொழிற்சங்கங்களுக்கு 1906-லேயே பாராளுமன்றம் பாதுகாப்பளித்துவிட்டது. நமக்கு 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்வரை அது கிட்டவில்லை. பாடகிக்காகத் தைத்த சட்டை ஆலைத் தொழிலாளிக்கு விலங்காயிற்று என்றால் மிகையாகாது.

நிற்க. தீர்ப்புகளால் வந்த சட்டத்தை நீதிபதி வளைக்கலாம், திருத்தலாம். பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை அவர் படித்துப் பொருள் கொள்ளத்தான் முடியும். அப்படிப் பொருள் கொள்வதற்கு மூன்று வழிகளை ஆங்கில மன்றங்கள் கையாண்டு வந்திருக்கின்றன.

சொல்லுக்கு நேரான பொருளை மட்டும் கொள்வது ஒன்று. 1868-இல் ஒருவன் இறந்துபோனவன் பெயரில் வாக்களித்தான். வாக்குரிமை உள்ள ஒருவரைப்போல் நடிப்பது குற்றம் என்றது சட்டம். இறந்தவருக்கு வாக்குரிமை ஏது? ஆகவே குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். நேர்ப்பொருள் அபத்தத்தில் கொண்டுபோய் விடுமானால் அதனைச் சற்று ஒதுக்குவது இரண்டாவது. தாயைக் கொன்ற மகனுக்குத் தாயின் சொத்து சேரும்படியாக 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் இருந்தன. அவன் வழியாக வந்த உரிமையை 1935-இல் நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. மூன்றாவது வழியே மிகப் பழையது. 1584-ஆம் ஆண்டின் ஹெய்டன் வழக்கில் நீதிபதிகள் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொன்னார்கள். இச்சட்டத்திற்கு முன் பொதுச்சட்டம் எவ்வாறிருந்தது? அது தீர்க்காமல் விட்ட கேடு யாது? அக்கேட்டுக்குப் பாராளுமன்றம் கண்ட மருந்து யாது? அம்மருந்தின் உண்மைக் காரணம் என்ன? இவற்றை அறிந்து, கேட்டை ஒடுக்கி மருந்தை வளர்க்கும் பொருளையே கொள்ளவேண்டும் என்றார்கள். முதன்முதல் இதைப் படித்தபோது, வைத்தியன் நாடி பிடிப்பதைப் போன்ற இந்த முறை இருக்கையில் மற்ற இரண்டும் எதற்கு என்றே நினைத்தேன். அவ்வளவு எளிதான காரியம் அன்று இது.

ஆலைகளின் கதையைச் சற்று விரித்துக் கூறுகிறேன். 1847-இல் பத்துமணி நேரச் சட்டம் நிறைவேறியது. நெசவாலைகளிலும் நூற்பாலைகளிலும் பெண்களும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களும் நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்திற்கு ஐம்பத்தெட்டு மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது அது. ஆலைக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். ஒரு பெண்ணைக் காலையில் வேலைக்கு வைத்து, நடுவில் வெளியே அனுப்பி, மறுபடி அழைத்து, மறுபடி அனுப்பி, மொத்தத்தில் பத்துமணி வேலை வாங்கினார்கள். ஆனால் அந்தப் பத்துமணி விடியற்காலை ஐந்தரை முதல் இரவு எட்டரைவரை பரந்து கிடந்தது. தவணை முறை என்று அதற்குப் பெயர். வெளியே அனுப்பிய நேரத்தில் அவள் எங்கே போவாள்? வீடு தொலைவு, மழை, பனி. மறுபடி சங்கு ஊதும்வரை ஆலையைச் சுற்றியே காத்துக் கிடக்கவேண்டும். அந்த நேரத்திற்குக் கூலியில்லை. ஷிப்டு மாற்றி உழைத்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை: வேலை நேரத்தை மட்டும் எண்ணுபவன் முதலாளி, வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் வீடு திரும்பும்வரை எண்ணுபவன் தொழிலாளி.

தவணை முறையில் யார் எப்போது எத்தனை மணி உழைத்தார் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் கண்டுபிடிக்க இயலாது. ஒருவர் காலையில் வேலை தொடங்கிய நேரத்திலிருந்தே எல்லோருக்கும் கணக்கிடவேண்டும் என்று 1844-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்ததன் கருத்தே இதனைத் தடுப்பதுதான் என்று லெனார்டு ஹார்னர் போன்ற தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் வாதித்தார்கள். 1850 பிப்ரவரியில் ரைடர் எதிர் மில்ஸ் என்ற வழக்கில், எக்ஸ்செக்கர் மன்றத்தின் நீதிபதி பேரன் பார்க் தீர்ப்புக் கூறினார். தவணை முறையைத் தடுப்பது சட்டம் செய்தவர்களின் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் சொற்களில் அது தெளிவாக வரவில்லை. இது தண்டனை விதிக்கும் சட்டம். தண்டனைச் சட்டத்தில் தெளிவில்லாத இடத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஆகவே தவணை முறை சட்டத்திற்கு விரோதமன்று. இதுவே தீர்ப்பின் சாரம்.

இப்போது ஏறக்குறைய நூறாண்டு தாண்டி 1946-க்கு வாருங்கள். இலண்டன் வடகிழக்கு இரயில்வேயின் தொழிலாளி பெரிமன், தண்டவாளத்தின் சிக்னல் கருவிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது இரயில் மோதி இறந்தார். இருப்புப்பாதையைப் புதிதாகப் போடுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் இரயில் வருவதைக் கூவி எச்சரிக்க ஒரு காவல் ஆள் நிறுத்தவேண்டும் என்பது விதி. பெரிமனுக்கு அப்படி ஒருவரும் நிறுத்தப்படவில்லை. அவர் மனைவி நஷ்டஈடு கேட்டார். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. பழுது பார்ப்பது என்றால் கெட்டுப்போனதைச் சரிசெய்வது. எண்ணெய் விடுவது கெட்டுப்போகாமல் வைத்துக்கொள்வது. ஆகவே எண்ணெய் விட்டவர் பழுது பார்த்தவர் ஆகார். விதவைக்கு ஒன்றுமில்லை.

ரிங் பிரேமுக்கு ஆயில் கேன் பிடித்தவன் நான். ஆயிலரின் கையும் பிட்டரின் கையும் ஒரே பல்சக்கரத்துக்கு அருகில்தான் போகின்றன. சொல்லப்போனால் பிட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கை வைப்பான், ஆயிலர் பலநேரம் ஓடுகிற இயந்திரத்தருகே குனிகிறான். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அப்படிக் குனிந்த இளைஞன் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயின. விரலை எடுத்த சக்கரம், இவன் எண்ணெய் விடுகிறவனா பழுது பார்க்கிறவனா என்று விசாரிக்கவில்லை. காவல் ஆள் எதற்காக என்று ஹெய்டன் வழக்கின் இரண்டாம் கேள்வியைக் கேட்டிருந்தால், பெரிமன் வழக்கு ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். குனிந்து வேலை செய்கிறவன் வருகிற இரயிலைப் பார்க்கமாட்டான் என்பதற்காகத்தானே காவல் ஆள்?

ஆனால் பெரிமன் வழக்கில் சைமண்ட்ஸ் பிரபு கூறிய காரணத்தைக் கேளுங்கள். இந்த விதியை மீறினால் தண்டனை உண்டு. பொருள் தெளிவில்லாத சொல்லை வைத்து ஒரு மனிதனை ஆபத்துக்குள்ளாக்கக் கூடாது, சட்டத்தின் நோக்கம் நமக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. 1850-இல் பேரன் பார்க் கூறிய அதே காரணம். அழகான காரணம்தான். அது எங்கே பிறந்தது என்று பார்க்கவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூற்றுக்கு மேல் இருந்தன. சிறு திருட்டுக்கும் தூக்கு. அந்தத் தூக்குமரத்தின் நிழலில் நின்று நீதிபதிகள் ஒரு கருணையான முறையைக் கையாண்டார்கள்: தண்டனைச் சட்டத்தின் சொல்லைக் குறுக்கிப் படிப்பது, சந்தேகம் இருந்தால் அதன் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுப்பது. 1741-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, செம்மறியாட்டையோ பிற கால்நடையையோ திருடினால் மரணம் என்றது. பிற கால்நடை என்ற சொல் மிகவும் தளர்ந்தது, அதை வைத்து ஒருவனைத் தூக்கிலிடலாகாது என்று செம்மறியாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மறு ஆண்டே பாராளுமன்றம் காளை, பசு, எருது, கிடாரி, கன்று, ஆட்டுக்குட்டி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேறொரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று. பிளாக்ஸ்டன் தம் நூலில் இதனைப் பதிந்திருக்கிறார். பசுவைத் திருடியவன் நல்லவன் என்பதற்காக அன்று. அரசாங்கம் என்ற மாபெரும் பலத்தின் முன்னால் கைகட்டி நிற்பவன் அவன் என்பதற்காகவே இந்த வேலி கட்டப்பட்டது.

அந்த வேலி யாருக்காகக் கட்டப்பட்டதோ அவனை விட்டுவிட்டு, 1850-இல் ஆலை முதலாளி அதற்குள் வந்து நின்றார். 1946-இல் இரயில்வே கம்பெனி வந்து நின்றது. பெரிமன் வழக்கில் ஆபத்துக்குள்ளான மனிதன் யார்? செத்தவரா, கம்பெனியா? விதியின் சொல் மாறவில்லை: தண்டனைச் சட்டத்தைக் குறுக்கிப் படி. அதன் நோக்கம்தான் தலைகீழாயிற்று. பிறர் செய்த சட்டங்களை எப்படிப் படிக்கவேண்டும் என்று நான்கு கேள்விகள் வகுத்த நீதிபதிகள், தாம் செய்த விதியைப் படிக்கும்போது அக்கேள்விகளைக் கேட்க மறந்தார்கள். நான் இவ்விஷயத்தில் சொல்ல விரும்பும் முக்கியமான சங்கதி இதுவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெரிமன் தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் கழித்து, குடித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் ஒருவன் பிடிபட்டான். நெடுஞ்சாலையில் குடிவெறியோடு வண்டியை வைத்திருப்பது குற்றம் என்றது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். சைக்கிள் வண்டியா? ஆம், சட்டத்தின் நோக்கம் பாதையில் அமைதியும் பத்திரமும் ஆகையால் சைக்கிளும் வண்டியே என்றார்கள். அதுவும் தண்டனைச் சட்டம்தான். அங்கே வேலி எங்கே போயிற்று? நீதிபதிகள் கூடிப்பேசி ஏழைக்கொரு நீதி, பணக்காரனுக்கொரு நீதி செய்தார்கள் என்று நான் கூறவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆயினும் மூன்று வழிகளில் எதை எடுப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லாதபோது, கை தனக்குப் பழகிய பக்கமே போகும்.

இதுவரை படித்தவர்கள், அப்படியானால் எப்போதும் நோக்கத்தையே பின்பற்றட்டும், சொல்லைத் தூக்கி எறியட்டும் என்று எண்ணக்கூடும். அதற்கு நான் உடன்படமாட்டேன். 1941-ஆம் ஆண்டின் லிவர்சிட்ஜ் வழக்கைப் பாருங்கள். யுத்த காலம். பகைவரோடு தொடர்புள்ளவர் என்று நம்புவதற்கு உள்துறை மந்திரிக்கு நியாயமான காரணம் இருந்தால், விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கலாம் என்றது 18-பி விதி. காரணம் என்ன, காட்டுங்கள் என்று லிவர்சிட்ஜ் கேட்டார். பிரபுக்கள் சபையில் நான்கு நீதிபதிகள், யுத்தத்தின் தேவையையும் விதியின் நோக்கத்தையும் எடுத்துக்கூறி, தமக்குக் காரணம் இருப்பதாக மந்திரி மனமார நினைத்தால் போதும் என்று பொருள் கொண்டார்கள். ஆட்கின் பிரபு ஒருவர் மட்டும் மறுத்தார். காரணம் இருப்பது வேறு, இருப்பதாக நினைப்பது வேறு. காலுடைந்தவன் என்பதும், கால் உடைந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவன் என்பதும் ஒன்றாகுமா என்ற பொருள்படக் கேட்டார். அன்று சொல்லைப் பற்றிக்கொண்டு நின்றவரே மனிதனின் சுதந்திரத்துக்காக நின்றவர். நோக்கம் பேசியவர்கள் சிறைக் கதவைச் சாத்தினார்கள். ஆட்கின் கூறியதே சரி என்று அதே சபை ஏற்றுக்கொள்ள 1979 ஆயிற்று.

தொழிற்சாலைக்குள்ளும் இவ்விரண்டையும் காணலாம். இயந்திரத்தின் அபாயமான ஒவ்வொரு பாகத்தையும் பத்திரமாக வேலியிட்டு மூடவேண்டும் என்றது 1937-ஆம் ஆண்டுச் சட்டம். பெரிமன் தீர்ப்பு வந்த அதே 1946-இல், வட்டரம்பத்திலிருந்து தெறித்த மரத்துண்டு ஒரு பெண் தொழிலாளியைக் காயப்படுத்தியது. வேலியின் நோக்கம் தொழிலாளியை உள்ளே விடாமல் தடுப்பதுதான், உள்ளிருப்பது வெளியே பறக்காமல் தடுப்பதன்று என்று கூறி அவள் வழக்கைத் தள்ளினார்கள். நோக்கம் என்பதையும் எவ்வளவு குறுகலாகத் தைக்கலாம் பாருங்கள்! 1955-இல் சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் நசுங்கிய ஃபிராஸ்ட் என்ற தொழிலாளியின் வழக்கில் கம்பெனி, சக்கரம் முழுவதையும் மூடிவிட்டால் அதை உபயோகிக்கவே முடியாதே, பாராளுமன்றம் அப்படியா கருதியிருக்கும் என்று வாதித்தது. பத்திரமாக என்றால் பத்திரமாகத்தான், உபயோகப்படாவிட்டால் போகட்டும் என்று பிரபுக்கள் சபை சொல்லைப் பிடித்துக்கொண்டது. தொழிலாளி வென்றார். இங்கே சொல்லே துணை.

ஆகவே, சொல்லா கருத்தா என்று நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியே போதாத கேள்வியாகத் தோன்றுகிறது. ஒருவனைப் பிடிக்க, அடைக்க, தண்டிக்க வருகிற சட்டத்தில் சொல் அவனுக்கு வேலி. அதனை நோக்கத்தின் பெயரால் தாண்டலாகாது. ஒருவனைக் காக்கவென்று வந்த சட்டத்தில் நோக்கம் அவனுக்குக் கொடுத்த வாக்கு. அதனைச் சொல்லின் பெயரால் குறைக்கலாகாது. ஆனால் ஒரே சட்டம் தொழிலாளியைக் காப்பதாகவும் முதலாளியைத் தண்டிப்பதாகவும் இருந்தால் என் செய்வது? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பெரிமன் மனைவி கேட்டது கம்பெனியைச் சிறைக்கனுப்ப அன்று, நஷ்டஈடு. தண்டனை கேட்டு வந்தவர்களிடம் குறுக்கிப் படிக்கட்டும். உயிர்போனதற்கு ஈடு கேட்டு வந்தவர்களிடமும் ஏன் அப்படிப் படிக்கவேண்டும்? ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருளா என்று சட்டம் கற்றவர்கள் என்னை மறிப்பார்கள். அவர்கள் மறிப்பு இலேசானதன்று; நாளைக்கு எது சட்டம் என்று எவருக்கும் தெரியாமற்போகும் என்பது உண்மையான அச்சம். ஆனால் அந்த அச்சத்தின் விலையை ஒரு விதவை தனியாகக் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை.

நீதிபதி பலவீனன் பக்கம் சாய்வது பாரபட்சம் ஆகாதா என்றும் கேட்பார்கள். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அது யார்மீதாவது விழத்தான் வேண்டும். சொல்லைப் பிடித்துக்கொண்டவர் யார்மீதும் விழச் செய்யவில்லை என்று நினைப்பது வீண். 1950-இல் டென்னிங் பிரபு, சட்டத்தில் இடைவெளி இருந்தால் பாராளுமன்றத்தின் எண்ணத்தைக் கண்டு நாமே அடைப்போம் என்றார். மறு ஆண்டு, பெரிமன் வழக்கில் பேசிய அதே சைமண்ட்ஸ் பிரபு, பொருள் கூறுவதாகப் போர்வை போர்த்திக்கொண்டு சட்டமியற்றும் அதிகாரத்தைப் பறிப்பது இது என்று கண்டித்தார். டென்னிங் செய்வதை வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார். அதனால் கண்டிக்கவும் முடிந்தது. எண்ணெய் விடுவது பழுதுபார்ப்பதன்று என்பதும் ஒரு தேர்வுதான். அகராதிக்குப் பின்னால் அது மறைந்துகொண்டது. வேடிக்கை ஒன்று உண்டு: பாராளுமன்றத்தின் எண்ணம் என்ன என்று தேடிக்கொண்டே இருந்த மன்றங்கள், பாராளுமன்றத்தில் என்ன பேசினார்கள் என்ற நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க 1992-ஆம் ஆண்டின் பெப்பர் எதிர் ஹார்ட் வழக்குவரை தமக்குத்தாமே தடை விதித்துக்கொண்டிருந்தன.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஐரோப்பியச் சட்டத்தோடு பழகியதால் நோக்கத்தைப் பார்த்துப் படிப்பது ஆங்கில மன்றங்களில் வழக்கமாகிவிட்டது. 2000-இல் நடைமுறைக்கு வந்த 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, இயன்ற மட்டும் எல்லாச் சட்டங்களையும் அவ்வுரிமைகளுக்கு இசையப் படிக்கவேண்டும் என்று நீதிபதிகளுக்குக் கட்டளையிடுகிறது. யார் பக்கம் சந்தேகம் விழவேண்டும் என்று பாராளுமன்றமே சொல்லிவிட்ட இடம் அது. 2004-இல் கெய்டன் வழக்கில், வாடகை வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்க்குரிய பாதுகாப்பை, ஒரே பாலினத் துணைவர்க்கும் உரியதாகப் படித்தார்கள். பழைய சைமண்ட்ஸ் பிரபு கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

கடைசியாக ஒரு வாதம் எஞ்சுகிறது. சொல்லைப் பிடித்துத் தீர்ப்பளித்தால் என்ன, தவறிருந்தால் பாராளுமன்றம் திருத்திக்கொள்ளட்டுமே என்பார்கள். திருத்துகிற சட்டம் வருங்காலத்துக்கு உதவும். மன்றத்தின் முன் கைகட்டி நின்றவருக்கு அது உதவாது. அவர் வழக்கு முடிந்து வெளியே போய்விட்டார். திருத்தமும் இலவசமாக வருவதில்லை. ரைடர் தீர்ப்பினால் தவணை முறை சட்டபூர்வமாகிவிட்ட பிறகு, அதனை ஒழிக்க 1850-இலேயே பாராளுமன்றம் புதிய சட்டம் செய்தது. காலை ஆறு முதல் மாலை ஆறு, அல்லது ஏழு முதல் ஏழு, உணவுக்கு ஒன்றரை மணி, சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வேலை முடிவு என்று திட்டமாக வரையறுத்தது. தவணை முறை ஒழிந்தது. ஆனால் ஆலை முதலாளிகள் அதற்கு விலை கேட்டார்கள். நாளொன்றுக்கு அரைமணி கூடிற்று, வாரத்துக்கு ஐம்பத்தெட்டு மணி அறுபதாயிற்று. சிறுவர்களை அச்சட்டம் சேர்க்கவில்லை. அவர்களுக்கு 1853 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஏற்கெனவே சட்டம் கொடுத்திருந்த பத்துமணியைத் தீர்ப்பினால் இழந்து, பேரத்தினால் பத்தரை மணியாகத் திரும்பப் பெற்ற அந்தப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1874-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நெசவாலைகளில் மறுபடி பத்துமணியைக் கொடுத்தது. தீர்ப்பு வந்த ஆண்டில் பதின்மூன்று வயதில் ஆலைக்குள் நுழைந்த சிறுமிக்கு, அந்த அரைமணி திரும்பி வந்தபோது வயது முப்பத்தேழு.